பகடிவதையற்ற பள்ளியில் ஒரு தாழ்ப்பாள்

என் மகன் பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்கே போவதில்லை என்ற விஷயம் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பெற்ற தாய்க்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் எப்போது போகிறான், எங்கே போகிறான் என்று எந்தத் தாய் பின்னாலேயே போய்ப் பார்ப்பாள்? சாயங்காலம் வந்ததும் வராததுமாகப் பையை வாசலில் எறிந்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகக் குளியலறைக்கு ஓடுவான். பிள்ளைக்குச் சுத்தத்தில் இத்தனை அக்கறையா என்று நான் பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காய்ச்சல் வந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். டாக்டர் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தார்.

"பையன் பகல்ல தண்ணியே குடிக்கறதில்ல போலிருக்கே. அடக்கி அடக்கி வெச்சுப் புண்ணாக்கியிருக்கான். இப்படியே போனா கிட்னி என்னத்துக்காகும்?"

நான் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம் "வலிக்காது, வலிக்கவே வலிக்காது" என்று கூசாமல் பொய் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எவர் வலியை மறைத்தாலும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. சொந்தப் பிள்ளையிடம் அது செல்லுபடியாகவில்லை.

"ஏண்டா, ஸ்கூல்ல பாத்ரூம் இல்லையா?"

"இருக்கு."

"தண்ணி வரலையா?"

"வருது."

"பின்ன என்னடா கேடு?"

"தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கும்மா" என்றான். அதற்குமேல் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கவேண்டியிருந்தது. பல் பிடுங்கும் இடத்தில் வேலை செய்கிறவள் நான், விடவில்லை.

விஷயம் இதுதான். பிள்ளைகள் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு செல்போன் பார்க்கிறார்கள் என்று தலைமையாசிரியர் ஒரு கோடை விடுமுறையில் கழிவறைக் கதவுகளின் உள்தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றி எடுத்துவிட்டார். வெளித்தாழ்ப்பாள் மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கழற்றச் சொல்லி யாருக்கும் உத்தரவு இல்லையாம். ஆக, அந்தப் பள்ளியில் கழிவறையைப் பூட்டும் உரிமை உள்ளே இருப்பவனுக்குக் கிடையாது, வெளியே நிற்பவனுக்கு உண்டு. இதைப் பத்தாம் வகுப்பில் ஒருவன் சட்டென்று புரிந்துகொண்டான். கால்பந்து அணிக்குத் தலைவன் என்பதால் அவனை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் அவன் கூட்டாளிகளும் என் மகன் உள்ளே போவதற்குக் காத்திருந்து வெளியே தாழ்போட்டுவிடுவார்கள். "கேப்டன் அண்ணா வாழ்க" என்று மைதானத்துக்குக் கேட்கும்படி கத்தினால்தான் திறப்பார்கள். சில நாள் கத்திய பிறகும் திறக்கவில்லை. ஒரு நாள் கணக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் திறந்தார்கள். அன்றோடு என் பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேன்னா? எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். மாதக்கணக்கில் கடலில் இருப்பார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு தாழ்ப்பாள் விஷயம்தானே, நேராப் போய்ச் சொல்லு, மாத்திடுவாங்க" என்றார். மனிதர் கரையில் வாழ்ந்து நாளாகிவிட்டது, பாவம்.

பள்ளி வாசலில் பொன்னெழுத்தில் ஒரு பலகை இருந்தது. 'பகடிவதையற்ற பள்ளி.' பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டிவைப்பதற்கு அலுவலகத் தமிழில் அதுதான் பெயராம். வாசல் காவலர் விளக்கினார். அந்தப் பட்டம் தொடர்ந்து கிடைத்துவருகிறது என்றும், பலகையை வாரம் தவறாமல் துடைப்பது தன் வேலை என்றும் சொன்னார். சரிதான், நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெம்பாக உள்ளே போனேன்.

தலைமையாசிரியர் எழுந்து நின்று வரவேற்றார். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். இடையிடையே "அடடா" என்றுகூடச் சொன்னார். முடித்ததும் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க சொல்றது இங்க நடக்க வாய்ப்பில்ல."

"நடந்திருக்கு சார். டாக்டர் சீட்டு இருக்கு."

"டாக்டருக்கு உடம்பைப் பத்தித் தெரியும். பள்ளியைப் பத்தித் தெரியாது. பகடிவதையை நாங்க இந்தப் பள்ளியில ஒழிச்சுட்டோம். வாசல்ல பலகை பார்த்தீங்கல்ல? இல்லாத ஒண்ணு மேல நான் எப்படிம்மா நடவடிக்கை எடுக்க முடியும்? நாளைக்கு நீங்க இங்க டைனோசர் இருக்குன்னு சொன்னா நான் கூண்டு செய்ய முடியுமா?"

"என் பையனை உள்ள வெச்சுப் பூட்டினது?"

"அதுக்கு எங்ககிட்ட வேற பேர் இருக்கு. அதீத நட்பு." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு கையேட்டை எடுத்துப் புரட்டிக் காட்டினார். அடிப்பது 'கைவழித் தொடர்பு' என்றும், பட்டப்பெயர் வைப்பது 'மாற்றுப்பெயர் அன்பு' என்றும் அதில் அச்சிட்டிருந்தது. "பாருங்க, அவனை வெளிய விடவே மாட்டேங்கறாங்கன்னா அவன் மேல அவங்களுக்கு எவ்வளவு பிரியம் இருக்கணும்!"

எங்கள் மருத்துவமனையில் நாங்களும் பொய் சொல்கிறோம்தான். ஆனால் பல்லைப் பிடுங்கிவிட்டு, பல்லே முளைக்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

"சார், எனக்கு ஒண்ணும் பெரிசா வேண்டாம். வெளித்தாழ்ப்பாளைக் கழட்டிட்டு உள்ளே ஒண்ணு போட்டுக் கொடுங்க. என் பையன் நிம்மதியா ஒண்ணுக்குப் போகணும். அவ்வளவுதான்."

அவர் முகம் வாடிவிட்டது. "அதுலதான் சிக்கல். தாழ்ப்பாளை மாத்தினா ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்க. பிரச்சினை இருந்துச்சு, மாத்தினோம்னு சொல்லணும். அப்புறம் பலகை என்னாவது? வேணும்னா பையனை எங்க ஆலோசகர் மேடம்கிட்ட அனுப்பறேன். அவங்க கைராசிக்காரங்க."

ஆலோசகர் அறையில் நாற்காலியே இல்லை. தரையெங்கும் தலையணைகள். நானும் மகனும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மையார் கண்ணை மூடித் திறந்து, தாலாட்டுப் பாடுகிற குரலில் அவனிடம் கேட்டார்.

"கதவை மூடினாங்கள்ல, அப்போ உன் மனசுல என்ன நிறம் தெரிஞ்சுதுப்பா?"

"இருட்டா இருந்துச்சு மேடம். பல்பு இல்ல."

"இருட்டு..." என்று ரசித்துச் சொல்லிக்கொண்டார். "அந்த இருட்டுல உன் உணர்வு என்ன? பயமா? தனிமையா?"

"அவசரமா இருந்துச்சு மேடம்."

அது அவருடைய அட்டவணையில் இல்லாத உணர்வு போலும். சற்றுத் தடுமாறினார். பிறகு அந்தக் கதவை மன்னிக்க முடியுமா என்று கேட்டார். கதவின் மேல் தனக்குக் கோபமில்லை, கேப்டன் மேல்தான் என்று இவன் சொன்னான். பெயர் சொல்வது எதிர்மறை எண்ணம் என்று கண்டித்துவிட்டு, மூடிய கதவுகளை எதிர்கொள்ள ஒரு மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். உள்ளே மாட்டிக்கொண்டால் பதறாமல் மூச்சை ஆழமாக இழுக்கவேண்டும், நெஞ்சிலேயே நிறுத்தவேண்டும், பிறகு மெல்ல விடவேண்டும்.

"அந்தக் கழிவறையிலயா மேடம் ஆழமா இழுக்கச் சொல்றீங்க?" என்றேன்.

"நீங்க ரொம்ப எதிர்ப்பு மனநிலையில இருக்கீங்க" என்றார்.

நான் சும்மா விடுகிற ஆளில்லை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் போய் நின்றேன். தாழ்ப்பாள், தாழ்ப்பாள் என்று நச்சரித்தேன். என் தொல்லை தாங்காமல் தலைமையாசிரியர் கடைசியில் ஒரு நடவடிக்கை எடுத்தார். 'நட்புக் காவலர் படை' என்று ஒன்றை அமைத்தார். நீலப் பட்டையை மார்பில் குறுக்கே போட்டுக்கொண்டு, இடைவேளைகளில் கழிவறை வாசலில் நின்று மாணவர்களின் நட்பைப் பாதுகாப்பது அதன் வேலை. படைக்குத் தலைவன் யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

"கேப்டனையா போட்டீங்க?" என்று நான் கத்தியது மைதானத்தில் இருந்த பிள்ளைகளுக்கே கேட்டிருக்கும்.

"அந்த இடத்தைப் பத்தி அவனுக்குத்தான்மா அனுபவம் அதிகம்" என்றார் தலைமையாசிரியர். "பொறுப்பு கொடுத்தா பிள்ளைங்க திருந்துவாங்க. இது நவீன கல்விமுறை."

கேப்டன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். அவனுடைய அப்பா உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர், பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். சங்கக் கூட்டத்தில் அவரிடமே நேராகப் பேசினேன். அவர் மகனும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"என் பையன் மனசு எவ்வளவு புண்பட்டிருக்கு தெரியுமா உங்களுக்கு?" என்று என்மேல் பாய்ந்தார். "தினமும் கக்கூஸ் வாசல்ல நிக்கறான். உங்க பையனாலதானே? பாதிக்கப்பட்டவன் என் பையன்தான். என்னடா, சொல்றா!" என்று சிரித்துக்கொண்டே மகனின் முதுகில் ஓர் அறை விட்டார். அறையின் சத்தத்தில் அறையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் முகத்தைச் சுளிக்காமல் நின்றான். பழகியவன் நிற்பதுபோல் இருந்தது. அவனுக்காகவும் எனக்கு ஒரு கணம் வருத்தமாக இருந்தது. ஆனால் என் வருத்தத்தை வைத்துக்கொண்டு என் மகன் என்ன செய்வது?

படை வந்த பிறகு நிலைமை தலைகீழானது. முன்பு என் மகன் ஒருவன்தான் அகப்பட்டான். இப்போது பள்ளியே அகப்பட்டது. கழிவறைக்குள் போகிற ஒவ்வொருவரும் வாசலில் நின்று 'நட்பு உறுதிமொழி' சொல்லவேண்டும் என்று ஆலோசகர் ஏற்பாடு செய்துவிட்டார். 'நான் அனைவரையும் நேசிப்பேன், அனைவராலும் நேசிக்கப்படுவேன், எவருடைய நட்பையும் எக்காரணம் கொண்டும் மறுக்கமாட்டேன்...' என்று அது ஒரு பத்திக்கு நீண்டது. உச்சரிப்புப் பிசகினால் காவலர்கள் முதலிலிருந்து சொல்ல வைப்பார்கள். சொல்லாமல் உள்ளே நுழைந்தவனை வெளியே தாழ்போட்டு, உள்ளேயிருந்தபடியே மனப்பாடமாக ஒப்பிக்கச் செய்வார்கள். முன்பு திருட்டுத்தனமாக நடந்தது இப்போது மணியடித்து நடந்தது. ஆறாம் வகுப்புக் குழந்தைகள் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே "நேசிக்கப்படுவேன், நேசிக்கப்படுவேன்" என்று கதறுவதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மாதாந்தரப் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் மலர்ந்த முகத்தோடு மேடையேறினார்.

"நட்புக் காவலர் படையால இன்னொரு பயனும் கிடைச்சிருக்கு. பள்ளியில தண்ணீர்ச் செலவு பாதியாக் குறைஞ்சிருக்கு. குடிக்கிற தண்ணி, கழிவறைத் தண்ணி ரெண்டுமே! நம்ம பிள்ளைங்களுக்குச் சிக்கனம் தானாவே வந்துடுச்சு."

கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாயும் தட்டினாள். தட்டிக்கொண்டே என் காதருகே குனிந்து, "என் பொண்ணுக்கும் வயித்து வலிங்க. சீக்கிரமா வீட்டுக்கு ஓடி வர்றா" என்றாள். "அப்போ எழுந்து சொல்லுங்களேன்" என்றேன். "ஐயோ, நமக்கெதுக்கு?" என்று கையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

பள்ளியை மாற்றிவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தேன். மகன் இரவில்கூடத் தண்ணீருக்குப் பயப்பட ஆரம்பித்திருந்தான். சாப்பாட்டில் விக்கல் எடுத்தாலும் ஒரு வாய் குடிப்பதற்கு யோசித்தான். மருந்து முடிந்தபாடில்லை. டாக்டர் என்னைத் திட்டி முடித்தபாடுமில்லை. அந்த நேரத்தில்தான் ஒருநாள் தலைமையாசிரியர் எங்கள் பல் மருத்துவமனைக்கே வந்து நின்றார். கையில் பழப்பை வேறு.

வரவேற்பறையில் நோயாளிகள் நிறைந்திருந்ததால் உள்ளே கூட்டிப்போய், காலியாக இருந்த சிகிச்சை நாற்காலியில் உட்கார வைத்தேன். அதில் உட்கார்ந்தால் தானாகச் சாய்ந்துவிடும். மல்லாந்து கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அம்மா, உங்க மகனுக்கு நடந்தது பகடிவதைதான்மா."

"என்ன சார் சொல்றீங்க?"

"சந்தேகமே இல்ல. அருமையான பகடிவதை! இப்படி ஒண்ணு வேற எந்தப் பள்ளியிலயும் கிடையாது. டாக்டர் சீட்டு இருக்கு, காய்ச்சல் இருக்கு, வாசல்ல வந்து போராடின தாய் இருக்கீங்க. அடுத்த தெரு பள்ளியில வெறும் பேனா திருட்டைத்தான் வெச்சிருக்காங்க."

மெல்ல மெல்லத்தான் விஷயம் பிடிபட்டது. அந்த வாசல் பலகைப் பட்டத்தைத் தருகிற விருதுக்குழு இந்த ஆண்டு விதியை மாற்றிவிட்டதாம். பகடிவதை இல்லவே இல்லை என்று எல்லாப் பள்ளிகளும் பலகை மாட்டிக்கொண்டதால், எதற்குப் பட்டம் தருவது என்று குழுவுக்குப் புரியவில்லை. இனிமேல், பகடிவதை நடந்து, அதைப் பள்ளி அழகாகத் தீர்த்துவைத்திருந்தால்தான் பட்டம். பாதிக்கப்பட்ட மாணவனும் பாதித்த மாணவனும் மேடையில் கைகோத்து நிற்கவேண்டும். பாதிக்கப்பட்டவன் நன்றி சொல்லிப் பேசவேண்டும்.

"விஷயம் வெளிய தெரிஞ்சதும் பெற்றோர் நிறையப் பேர், எங்க பிள்ளையைப் போடுங்க, எங்க பிள்ளையைப் போடுங்கன்னு வர்றாங்க. கேப்டனோட அப்பா, என் பையனையே பாதிக்கப்பட்டவனாப் போடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கறார். ஆனா உங்க மகனுக்குத்தான் நியாயமா உரிமை. முதல்ல கஷ்டப்பட்டவன் அவன்தானே?"

"அப்போ தாழ்ப்பாளை மாத்திடுவீங்கள்ல?"

"மாத்தாம? விழா முடிஞ்ச மறுநாளே மாத்திடறேன். இப்ப மாத்தினா தாழ்ப்பாளாலதான் தீர்ந்துச்சுன்னு குழு சொல்லிடும். மனமாற்றத்தால தீர்ந்ததா இருக்கணும். விருது மனசுக்குத்தான்மா, மரச்சாமானுக்கு இல்ல."

அப்போது எங்கள் டாக்டர் எட்டிப் பார்த்து, "வாயைத் திறங்க" என்றார். தலைமையாசிரியர் பழக்கதோஷத்தில் திறந்தார். நல்ல பற்கள்.

மாட்டேன் என்று சொல்லிவிடத்தான் எனக்கு வாய் துடித்தது. ஆனால் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மகன், "நான் பேசறேன்மா" என்றான்.

"அவங்களுக்கா நன்றி சொல்லப்போற?"

"மறுநாளே மாத்திடறேன்னாரு இல்ல? மாத்தினாப் போதும்மா." அவ்வளவு களைத்துப்போயிருந்தது என் பிள்ளை. அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன்.

விழா நாளன்று பள்ளி ஜொலித்தது. ஆசிரியர் கழிவறையில் பரிசுக் கேடயங்களை அடுக்கிப் பூட்டிவைத்திருந்தார்கள். விருதுக்குழுத் தலைவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வழுக்கை, எல்லாரையும் பார்த்து ஒரே மாதிரிப் புன்னகை. வந்தவருக்கு இளநீர் கொடுத்தார்கள், தலைமையாசிரியர் அறையில் தேநீர் கொடுத்தார்கள், ஆலோசகர் அறையில் தலையணையில் உட்காரவைத்துப் பழச்சாறு கொடுத்தார்கள், பெற்றோர் சங்கத்தின் சார்பில் இன்னொரு தேநீர் கொடுத்தார்கள். பிறகு அவரைக் காணவில்லை.

அரங்கத்தில் கூட்டம் நிறைந்து வெகுநேரமாகியும் நாற்காலி காலியாகவே இருந்தது. தலைமையாசிரியர் மேடைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து வியர்த்தார். என்னருகில் உட்கார்ந்திருந்த மகன், முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனான். கழிவறைப் பக்கம் ஒரு தண்ணீர்க்குழாய் உண்டு. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்னடா? மறுபடியும் ஏதாவது செஞ்சானுங்களா?"

"என்னை இல்லம்மா" என்றான். மேலே சொல்லவில்லை.

சற்றைக்கெல்லாம் விருதுக்குழுத் தலைவர் மேடையில் தோன்றினார். வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, புன்னகையைக் காணோம். தண்ணீர் நீட்டினார்கள். பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார். பேச்சு என்று வந்ததும் மட்டும் சமாளித்துக்கொண்டார்.

"இந்தப் பள்ளியைச் சுற்றிப் பார்த்தேன். மிக நெருக்கமாகவே பார்த்தேன். இங்கே எந்தக் கதவும் மாணவர்களுக்கு மூடப்படுவதில்லை. இங்குள்ள பிள்ளைகளின் கடமையுணர்ச்சி என்னைத் திக்குமுக்காட வைத்தது. இது உண்மையிலேயே பகடிவதையற்ற பள்ளி!"

கைதட்டல் ஓய்ந்ததும் கேப்டனையும் என் மகனையும் மேடைக்கு அழைத்தார்கள். இருவர் கையையும் ஆலோசகர் பிடித்துச் சேர்த்துவைத்தார். புகைப்படம் எடுத்தார்கள். ஆலோசகர் எழுதிக்கொடுத்த நன்றியுரையை மகன் மைக்கின் முன் விரித்தான்.

"என் வாழ்க்கையின் மூடிய கதவுகளைத் திறந்துவைத்த என் மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும்..." என்று படித்தவன் நின்றுவிட்டான். அவன் தாளை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"இது நிஜமில்ல. கதவை யாரும் திறக்கல. நான்தான் இப்ப ஒரு கதவைத் திறந்துட்டு வந்தேன்."

தலைமையாசிரியர் முன்வரிசையிலிருந்து 'படி, படி' என்று சைகை காட்டினார்.

"இந்த சாரைத்தான் உள்ள வெச்சுத் தாழ்போட்டிருந்தாங்க. அவருக்கு உறுதிமொழி தெரியல. எட்டாம் வகுப்புக் காவலருங்க, சொன்னாத்தான் திறப்போம்னுட்டாங்க. அப்புறம் மணி அடிச்சதும் மறந்துட்டு ஓடிட்டாங்க. சார் ரொம்ப நேரமாத் தட்டிக்கிட்டிருந்தார். நான் போய்த் திறந்தேன்."

விருதுக்குழுத் தலைவர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய வந்ததும் சார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதப்பான்னார். அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாங்கன்னு நினைச்சேன்." விருதுக்குழுத் தலைவர் பக்கம் கையைக் காட்டினான். "சாரே இவ்வளவு பெரியவர். அவருக்கே சொல்ல பயமா இருக்குன்னா, ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க எப்படிச் சொல்லும்? அதான் நான் சொல்றேன். தாழ்ப்பாளை மாத்துங்க. நாளைக்கு இல்ல. இன்னிக்கு."

தலைமையாசிரியர் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "ஹ்ஹ! நம்ம மாணவனோட நகைச்சுவை உணர்வுக்கு ஒரு கைதட்டல்! இந்தப் பள்ளியில அப்படி யாரையும் யாரும்..."

"சார்!" பின்வரிசையிலிருந்து கீச்சுக்குரல். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று கையைத் தூக்கியிருந்தாள். "சார், எங்க பக்கத்துலயும் பூட்டறாங்க சார்."

"கையைக் கீழ போடு!"

அவள் போடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை. அதற்குப் பின்னால் ஒன்று. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று கைகள் எழும்பிக்கொண்டே போயின. நீலப் பட்டை போட்ட ஒரு காவலன்கூட, ஒரு கையால் பட்டையை மறைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினான். அன்று "நமக்கெதுக்கு" என்ற தாய் எனக்கு முன்னால் கையைத் தூக்கி நின்றாள். கேப்டன் கையைத் தூக்கவில்லை. முன்வரிசையில் இருந்த தன் அப்பாவைப் பார்த்தான், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"கையைக் கீழ போடுங்க! எல்லாரும் போடுங்க! நம்ம பள்ளியில அது இல்ல! ஐயா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்று தலைமையாசிரியர் திரும்பினார்.

விருதுக்குழுத் தலைவர் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை தோள் உயரத்துக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு முழுதாக மேலே போயிருந்தது. ஈரச் சட்டையின் அக்குள் எல்லாருக்கும் தெரிந்தது.

மகன் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தான்.

"அம்மா, பாத்ரூம் போயிட்டு வரேன்."

"போயிட்டு வாடா" என்றேன்.

நாற்காலி வரிசைகளின் நடுவே எல்லார் முன்னாலும் நடந்து போனான். அரங்க வாசலில் நின்ற நட்புக் காவலர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். உறுதிமொழி கேட்கவில்லை. அவன் பின்னாலேயே ஆறாம் வகுப்பு எழுந்தது. அதற்குப் பின்னால் ஏழாம் வகுப்பு. விருது இன்னும் வழங்கப்படவில்லை, விருது இன்னும் வழங்கப்படவில்லை என்று ஒலிபெருக்கி கெஞ்சிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் யாருக்கும் அது காதில் விழவில்லை. எத்தனையோ நாளாக அடக்கிவைத்திருந்த ஒரு பள்ளிக்கூடமே வரிசையாகக் கிளம்பிப் போனது.

நான் கழிவறைக் கட்டடத்துக்கு வெளியே மரத்தடியில் போய் நின்றேன். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கதவைக் காவல் காத்துக்கொண்டு உள்ளே போனார்கள், வந்தார்கள். ஒரே கூச்சல், ஒரே தண்ணீர்ச் சத்தம். என் மகனை மட்டும் காணோம். உள்ளேயே போய்விடலாமா என்று நான் அடியெடுத்து வைத்தபோது, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ஏண்டா இவ்வளவு நேரம்? யாராவது பூட்டிட்டாங்களா?"

"இல்லம்மா" என்றான். "நிதானமா போனேன்."